ராம்கங்கைக் கரையில்: மூன்று பெயர் கண்ட ஒரு காடு

ஒரே காட்டுக்குச் சுமார் இருபது ஆண்டுகளில் மூன்று பெயர் வைத்தார்கள். 1936இல் ஹெய்லி தேசியப் பூங்கா. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களின் நடுவில், ராம்கங்கா தேசியப் பூங்கா. அந்தப் பலகையில் பெயிண்ட் காய்வதற்குள் கார்பெட் தேசியப் பூங்கா. முதல் பெயர் ஒரு கவர்னருடையது. மூன்றாவது ஒரு வேட்டைக்காரருடையது. நடுவில் வந்ததுதான் அந்த மண்ணுக்கே உரிய பெயர், அங்கே ஓடும் ஆற்றின் பெயர். அதுதான் மிகக் குறைந்த காலம் நிலைத்தது.

கார்பெட் என்றதும் நமக்கெல்லாம் புலிதான் ஞாபகம் வரும். தி.ஜ.ர. மொழிபெயர்த்த 'குமாயுன் புலிகள்' புத்தகத்தை வாசகசாலையில் எடுத்து, விளக்கை அணைக்க மனமில்லாமல் படித்தவர்கள் என் வயதில் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் இன்று நான் எழுத நினைப்பது புலியைப் பற்றி அல்ல, அந்த ஆற்றைப் பற்றி.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு நான் டில்லியில் குடும்பத்தோடு இருந்த காலம். 1998இல் குடியரசு தினம் திங்கட்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்புப் போட்டால் நான்கு நாள் கிடைக்கும். என் மனைவியின் அண்ணன் அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலம் மாவட்டத்தில் பல வருடம் இருந்தவர். "தாஜ்மகால் எல்லாம் பார்த்தாச்சு மாப்பிள்ளை, வேற ஏதாவது காட்டுங்க" என்றார். நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகன், மச்சான் என்று நாலு பேரும் வியாழன் இரவு பஸ்ஸில் ராம்நகர் புறப்பட்டோம். ஆளுக்கு ஒரு குரங்குக்குல்லா, இரண்டு ஸ்வெட்டர். மனைவியின் பையில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும்.

முதல் இரவு பூங்காவுக்கு வெளியே, மார்ச்சுலா என்ற இடத்தில் ஆற்றங்கரைக் கூடாரத்தில் தங்கினோம். ராம்கங்கை மலையிலிருந்து இறங்கிப் பூங்காவுக்குள் நுழைவது அங்கேதான். தூதாத்தோலி மலைத்தொடரில் பிறக்கிற ஆறு அது. கங்கை, யமுனை போலப் பனிப்பாறை உருகி வருவதல்ல. மழையும் ஊற்றும்தான் அதற்கு ஆதாரம். அதனால் மார்கழி, தை மாதங்களில் கலங்கல் இல்லாமல் கண்ணாடி மாதிரி ஓடும். உருண்டைக் கற்கள் ஒவ்வொன்றும் தெரியும்.

கூடாரத்துக்குள் இரண்டு ரஜாய் போர்த்தியும் கால் சில்லிட்டது. வெளியே மூட்டிய நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, இருட்டில் ஆற்றின் பக்கமிருந்து ஒரு பறவை கூப்பிட, எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. சமையல்காரப் பையன் "சுர்க்காப்" என்றான். வடமொழிக் கவிகள் சொல்லும் சக்ரவாகம் அதுதான். பகலெல்லாம் ஜோடியாக இருந்து, இரவில் ஆற்றின் இரு கரையில் பிரிந்து அழும் என்பார்களே, அந்தப் பறவை. லடாக், திபெத் பக்கத்து ஏரிகள் உறையும்போது இங்கே இறங்கி வருகிறது. காலையில் வெளிச்சத்தில் பார்த்தோம், ஆரஞ்சும் பழுப்பும் கலந்த உடம்பு, வெளிறிய தலை. சற்றுத் தள்ளி நான்கு நீர்நாய்கள் பாறையில் ஏறுவதும் சறுக்கி விழுவதுமாக இருந்தன. கறுப்பு வெள்ளைப் புள்ளிகளோடு, புறா அளவுக்கு ஒரு மீன்கொத்தி. மகனுக்கு அதற்கப்புறம் புலி வராவிட்டாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது.

சனிக்கிழமை ஜீப்பில் தன்கடி வாயில் வழியாக உள்ளே போனோம். வாயிலிலிருந்து டிக்காலா முகாம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு பக்கமும் நெட்டையான சால மரங்கள். இந்த மரங்கள் இன்று நிற்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில்பாதைகள் போடப் போட, தண்டவாளத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகளுக்காகச் சால மரக் காடுகளைக் கண்மண் தெரியாமல் வெட்டினார்கள். 1856 முதல் 1884 வரை குமாயுன் கமிஷனராக இருந்த ஹென்றி ராம்சே என்பவர்தான் இந்தப் பள்ளத்தாக்கில் அதற்குக் கடிவாளம் போட்டவர். வெட்டுவதற்குக் கட்டுப்பாடு, காட்டுத்தீயைத் தடுக்க ஏற்பாடு, உள்ளே இருந்த மாட்டுப்பட்டிகளை வெளியேற்றுவது எல்லாம் அவர் காலத்தில் நடந்தன. 1879இல் இது ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. மரத்தைக் காப்பாற்றினார்கள். விலங்குகளைச் சுடுவதற்கு அப்போதும் தடையில்லை.

சுடுவது நிற்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குப் பாடுபட்டவர்களில் பலர் துப்பாக்கி பிடித்தவர்களே. எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. காட்டுப் பாதையில் ஒரு கம்பியைக் கட்டி, இரவில் புலி அதை மிதித்தால் பளிச்சென்று வெளிச்சம் வந்து புலி தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார். 1927இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. ஜிம் கார்பெட்டைத் துப்பாக்கியிலிருந்து கேமரா பக்கம் திருப்பியதில் சாம்பியனுக்குப் பங்குண்டு.

கார்பெட்டின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1875இல் நைனிடாலில் ஒரு போஸ்ட்மாஸ்டரின் மகனாகப் பிறந்தார். இருபது வருடத்துக்கும் மேலாக ரயில்வேயில், பெரும்பகுதி மோகாமே காட்டில் கங்கைக் கரையில் சரக்கு மாற்றும் வேலை. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலி, 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தை. பின்னாளில் சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு புலிகளின் பின்னால் அலைந்தார். ராம்கங்கைப் பள்ளத்தாக்கில் பூங்கா அமைய வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். எல்லை குறிக்கவும் உதவினார். 1936 ஆகஸ்ட் 8ஆம் தேதி, சுமார் 324 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. அதற்கு முன் ஐக்கிய மாகாண கவர்னராக இருந்த சர் மால்கம் ஹெய்லியின் பெயரை வைத்தார்கள். 1947 நவம்பரில் கார்பெட் தன் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போய்விட்டார். 1955 ஏப்ரலில் அங்கேயே காலமானார். அவர் நினைவாகத்தான் ராம்கங்கா என்ற பெயர் போய் கார்பெட் வந்தது.

பகல் இரண்டு மணிக்கு டிக்காலா போய்ச் சேர்ந்தோம். மேட்டில் இருக்கிறது முகாம். வேலியைத் தாண்டி யாரும் காலை வைக்கக் கூடாது. மர அறையில் அடுக்குக் கட்டில்கள், காண்டீனில் ரொட்டியும் உருளைக்கிழங்கும். வேலி ஓரம் நின்றால் கீழே கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. அதைச் 'சௌட்' என்கிறார்கள். புல்வெளிக்கு அப்பால் நீலமாக ஏரி. புள்ளிமான் கூட்டம் நூறுக்குக் குறையாது. புல்லுக்குள் தலையைக் குனிந்து பன்றி மாதிரி ஓடுகிற பன்றிமான் தனியாக. மதியத்துக்கு மேல் ஏரியில் பட்ட மரங்கள் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. விரால் அடிப்பான் ஒன்று தொப்பென்று விழுந்து மீனோடு எழுந்ததை மகன் இரண்டு தடவை பார்த்தான்.

"மாமா, ஏரி நடுவுல எப்படி மரம் முளைக்கும்?" என்று அவன் கேட்டான். மச்சான் சிரித்தார். "ஏரி நடுவுல மரம் முளைக்கலடா. மரத்து நடுவுல ஏரி வந்திருக்கு" என்றார்.

எங்களோடு வந்த வழிகாட்டி அறுபது வயதுக்காரர். அந்தப் பக்கத்துக் கிராமத்திலேயே பிறந்தவர். மறுநாள் காலை ஆற்றின் மேட்டுக்கரையில் ஜீப்பை நிறுத்தினார். கீழே ஆழமான மடுவில் மகாசீர் மீன்கள் கூட்டமாக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மணல் திட்டில் கரியால்கள் வெயில் காய்ந்தன. நீண்டு ஒல்லியான மூக்கு, ஆணுக்கு மூக்கு நுனியில் பானையைக் கவிழ்த்தது போல ஒரு முண்டு. இந்தியில் பானைக்கு 'கடா', அதிலிருந்து வந்த பெயர் என்றார். அப்புறம் ஏரியைக் காட்டி, தன் அப்பாவோடு நடந்துபோன வண்டிப்பாதை எது, புல் ஆள் உயரம் எங்கே நின்றது, பனிக்காலத்தில் எந்த வளைவில் எருமை மேய்த்தவர்கள் பழைய நாளில் பட்டி போட்டிருந்தார்கள் என்று தாத்தா சொன்னார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் விரல் நீட்டிய இடமெல்லாம் தண்ணீர்.

விஷயம் இதுதான். ராம்கங்கை பூங்காவை விட்டு வெளியேறும் காலாகட் என்ற இடத்தில், 1960களில் ஒரு பெரிய அணை கட்ட ஆரம்பித்தார்கள். மண்ணும் கல்லும் கொட்டி எழுப்பிய அணை, சுமார் 128 மீட்டர் உயரம். பாசனம், 198 மெகாவாட் மின்சாரம், வெள்ளத் தடுப்பு, டில்லி நகரக் குடிநீருக்கும் ஒரு பங்கு என்று பல காரியத்துக்காக. 1974இல் முடிந்தது. பூங்காவின் நெஞ்சுப்பகுதியான பட்லி தூன் பள்ளத்தாக்கில் சுமார் 40 சதுர கிலோமீட்டர் நீருக்கடியில் போயிற்று. ஆற்றோரத் தாழ்நிலம், நல்ல புல், மான்களும் அவற்றைத் தின்னும் புலியும் நிறைந்த இடம். இழப்பை ஈடுகட்ட 1966இலேயே பூங்காவின் பரப்பை 520 சதுர கிலோமீட்டராகக் கூட்டியிருந்தார்கள். ஆனால் சேர்த்தது பெரும்பாலும் மேடும் மலையும். புல்வெளியைச் சர்வே எண் போட்டு வேறிடத்தில் கொடுக்க முடியாது.

இதற்கு நடுவில் வந்ததுதான் 1973 ஏப்ரல் 1. நாடு முழுவதும் எண்ணிப் பார்த்ததில் 1827 புலிகளே மிஞ்சின என்று முந்தைய ஆண்டுக் கணக்குச் சொல்லியிருந்தது. உடனே புலிகள் காப்புத் திட்டம். ஒன்பது காடுகளை எடுத்துக்கொண்டார்கள். திட்டத்தின் தொடக்க விழா எங்கே நடந்தது தெரியுமா? இதே டிக்காலாவில். அதாவது, புலியைக் காப்போம் என்று இந்தியா உறுதி எடுத்துக்கொண்ட இடத்துக்குக் கீழே, அதே புலியின் மிகச் சிறந்த மேய்ச்சல் காடு மூழ்குவதற்கு ஓராண்டுதான் பாக்கி. இரண்டும் ஒரே அரசாங்கம், ஒரே ஆறு. ஒரு கை செய்ததை இன்னொரு கை அறியாமல் இல்லை. இரண்டும் தேவை என்றுதான் நினைத்தார்கள்.

ஜீப்பில் இதைப் பற்றிப் பேச்சு சூடாகவே போயிற்று. என் மனைவிக்குக் கோபம். "இத்தனை வாயில்லா ஜீவன் இருக்கிற இடத்துல கொண்டுவந்து கட்டணுமா அண்ணே?" என்றாள்.

மச்சான் விட்டுக்கொடுக்கவில்லை. "காலையில டில்லியில குழாயைத் திறந்தா தண்ணி வருதில்ல? அது எங்கேருந்து வருதுன்னு நினைக்கிறே? மேட்டூர்ல 1934இல அணை கட்டினப்போ ஊரே உள்ளே போச்சு. தண்ணி வத்தினா நந்தியும் மாதா கோயில் கோபுரமும் இன்னைக்கும் தலை நீட்டும். நான் கிட்ட நின்னு பார்த்திருக்கேன். அந்த அணை இல்லேன்னா தஞ்சாவூர்ல நாத்து ஏது?"

இதை நான் இந்தியில் வழிகாட்டிக்குச் சொன்னேன். அவர் அணைக்கு எதிராகப் பேசுவார் என்று என் மனைவி எதிர்பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாபுஜி, என் மகளை மொராதாபாத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஆற்றங்கரை வீடு. முன்பெல்லாம் மழைக்காலம் வந்தால் சாமானை மச்சில் ஏற்றுவார்கள். அணைக்கப்புறம் அந்தத் தொல்லை குறைந்தது. அணை வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் இங்கே வருகிறவர்கள் ஏரி அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுக்கிறார்கள். அதற்கடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டாமா?"

மச்சான் அதற்குப் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் அவர்தான் அந்தப் பெரியவரிடம் என் மூலமாக நிறையக் கேள்வி கேட்டார். கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கும், புல் எப்போது முளைக்கும், யானை எப்போது வரும் என்றெல்லாம். கிடைத்த பதில்கள்தான் எனக்கு இன்றும் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

மழைக்காலம் முடிந்தபோது அணை நிறைந்திருக்கும். அதனால் பனிக்காலத்தில் போகிறவர் பெரும்பாலும் நீரைத்தான் பார்ப்பார். சக்ரவாகம், வாத்துகள், நீர்க்காகங்கள் என்று பறவைக்கூட்டம் அதற்காகவே வந்து இறங்கும். பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க ஏரி சுருங்கும். சித்திரை, வைகாசியில் விளிம்பிலிருந்து பல கிலோமீட்டருக்கு வண்டல் நிலம் வெளியே வரும். அதில் புதுப் புல் பச்சைப்பசேலென்று கிளம்பும். சுற்றுப்பக்கத்துக் காடுகளிலெல்லாம் தண்ணீரும் தீனியும் வற்றிய நேரத்தில் யானைகள் குட்டிகளோடு நூற்றுக்கணக்கில் அங்கே வந்து சேரும். மழை பெய்ததும் மறுபடி மூழ்கும். மூழ்கிய புல்வெளி முழுதாகத் திரும்பி வரவில்லை. ஆனால் வருடத்தில் சில மாதம் அதன் ஒரு பகுதி எழுந்து வந்து மேயக் கொடுத்துவிட்டுப் போகிறது. கரியால் முதலையும் அப்படித்தான். 1970களில் அழிவின் விளிம்புக்குப் போனது. பண்ணைகளில் முட்டையைப் பொரிக்க வைத்து வளர்த்த குஞ்சுகளை வெவ்வேறு ஆறுகளில் விட்டார்கள். ராம்கங்கையிலும் விட்டார்கள். நாங்கள் பார்த்த கரியால்களில் எத்தனை அப்படி வந்தவற்றின் வழியோ.

விலை கொடுத்தது விலங்குகள் மட்டுமல்ல. 1990களில் பூங்காவின் தெற்குப் பகுதியில் ஜிர்னா, தாரா, கோட்டிராவ் என்ற மூன்று கிராமங்களைக் காலி செய்து வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். அந்த வயல்கள் இன்று புல்வெளி. ஜிர்னா என்ற பெயரில் இப்போது சுற்றுலா ஜீப்புகள் போகின்றன. டிக்காலாச் சௌட் போன்ற இயற்கை வெளிகளிலேயே சில, பல தலைமுறைக்கு முன் மனிதர் உழுத நிலம் என்கிறார்கள். இன்றும் வனத்துறை வருடாவருடம் பழைய புல்லை வெட்டியும் எரித்தும் புதுப்பிக்காவிட்டால், மரமும் புதரும் அதை மூடிவிடும். கன்னிக்காடு என்று நாம் கும்பிடுவதில் மனிதன் கை படாத இடம் கொஞ்சம்தான்.

நாங்கள் புலியைப் பார்க்கவில்லை. ஞாயிறு மாலை யானை மேல் போனபோது ஈர மணலில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காலடித் தடம். சற்றுத் தள்ளிக் கடமான் ஒன்று "டாங்" என்று ஒரே ஒரு தரம் கத்திற்று. பாகன் கால்மணி நேரம் யானையை நிறுத்திவைத்தான். புல் அசைந்தது, காற்றாகவும் இருக்கலாம். அவ்வளவுதான். திங்கட்கிழமை திரும்பும்போது பஸ்ஸில் பாதிப் பேர் "ஒண்ணும் தென்படல" என்று அலுத்துக்கொண்டார்கள்.

அணையும் நிற்கிறது, புலியும் பெருகியிருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் கார்பெட் காப்பகத்தில் 260 புலிகள். நாட்டிலேயே அதிகம். தோற்றுவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. 2021இல் ஒரு மத்திய இணையமைச்சர் அங்கே போனபோது, பூங்காவுக்கு மீண்டும் ராம்கங்கா என்றே பெயர் வைக்கலாம் என்று வருகைப் பதிவேட்டில் எழுதியதாகச் செய்தி வந்தது. உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். பெயர் மாறவில்லை.

என்னைக் கேட்டால், கார்பெட் பெயர் இருக்கட்டும். அந்த மனிதர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் டிக்காலா முகாமின் வேலி ஓரத்தில் ஒரு சின்னப் பலகை வைக்கலாம். இந்த ஏரிக்கு அடியில் ராம்கங்கையின் பழைய போக்கு இருக்கிறது, 40 சதுர கிலோமீட்டர் புல்வெளி இருக்கிறது, அதற்கு ஈடாக இன்ன ஊர்களுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் போகின்றன என்று நாலு வரி. குற்றம் சாட்ட வேண்டாம், கணக்கு எழுதிவைத்தால் போதும். வரவு எழுதுகிற இடத்தில் செலவையும் எழுதுவதுதானே முறை? நாற்பது வருடம் ஆபீசில் அதைத்தான் செய்தோம்.

பிள்ளைகள் வடக்கே இருப்பவர்கள், போக வாய்ப்பு இருப்பவர்கள், முடிந்தால் இரண்டு தடவை போய் வாருங்கள். டிக்காலா நவம்பர் நடுவில் திறந்து ஜூன் நடுவில் மூடும். ஒரு தடவை தை மாதத்தில் போய், ஏரியையும் பறவைகளையும் பாருங்கள். குரங்குக்குல்லா மறக்க வேண்டாம். இன்னொரு தடவை வைகாசியில் போய், அதே இடத்தில் நின்று, தண்ணீர் வடிந்த புல்லில் யானைகள் மேய்வதைப் பாருங்கள்.